நிந்தவூரில் பஸ் நின்றபோது

கல்முனையில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் நான் தவறான ஓட்டோவில் ஏறினேன். "மிஸ்ஸி வீட்டுக்கா?" என்று ஓட்டோக்காரர் கேட்டார். என் தோழி ஜெயராணி தாதி, ஊரில் அவளை மிஸ்ஸி என்றுதான் கூப்பிடுவார்கள். அவள்தான் ஆளை அனுப்பியிருக்கிறாள் என்று நினைத்துப் பையை உள்ளே வைத்து நானும் உட்கார்ந்துவிட்டேன். அந்த ஊரில் தாதிகள் எல்லாருமே மிஸ்ஸிதான் என்பது எனக்குத் தெரியாது. அவர் வேறொரு மிஸ்ஸியின் வீட்டு விருந்தாளிக்காகக் காத்திருந்தவர். நல்லவேளையாக ஜெயராணி குடையும் கையுமாக ஓடிவந்து என் பையை வெளியே இழுத்தாள்.

"என்ன கா, வந்து இறங்கின கையோட ஆர்ர வீட்டுக்குப் போறாய்?"

அந்தப் பக்கத்துப் பெண்கள் ஒருவரையொருவர் கூப்பிடும்போது இப்படி ஒரு 'கா' போட்டுக்கொள்கிறார்கள். காதுக்கு இதமாக இருக்கும். பயிற்சிக் காலத்தில் விடுதியில் அவள் எங்கள் எல்லாரையும் அப்படித்தான் கூப்பிடுவாள். நான் மார்த்தாண்டம் பக்கத்துக்காரி. அவள் சண்டைக் காலத்தில் தமிழ்நாட்டு உறவினர் வீட்டுக்கு வந்து, எங்களோடு தாதிப் படிப்புப் படித்து, நிலைமை கொஞ்சம் தணிந்ததும் ஊர் திரும்பியவள். பிறகு பல வருடம் பேச்சே இல்லை. கைபேசி வந்த பிறகுதான் மறுபடி ஒட்டிக்கொண்டோம். மட்டக்களப்பில் கிறிஸ்தவப் பெண்கள் கூடுகை ஒன்றில் பேச என்னை அழைத்திருந்தார்கள். அது முடிந்து, திரும்பும் விமானத்துக்குச் சில நாட்கள் மிச்சமிருந்தன. நேரே இவளிடம் வந்துவிட்டேன்.

அவள் வீடு பாண்டிருப்புப் பக்கமாக, கடலுக்குப் போகும் ஒழுங்கையில் இருந்தது. ஒரு பக்கத்தில் மீன்பிடிக்கிற குடும்பம், வாசலில் எப்போதும் வலை கிடக்கும். மறுபக்கத்தில் ஒரு முஸ்லிம் தையல்காரர். இவள் தனியாள். கலியாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று நானும் கேட்டதில்லை, அவளும் சொன்னதில்லை.

முதல் சாப்பாடு பிட்டும் மீன் குழம்பும். எங்கள் ஊர்ப் புட்டு குழாய் வடிவம் குலையாமல் தட்டில் வந்து விழும். இவள் பிட்டு உதிரி உதிரியாக இருந்தது. குழம்பில் தேங்காய்ப்பால் எங்களைவிட அதிகம், புளி குறைவு. நான் மூன்றாம் தடவை போட்டுக்கொண்டபோது அவள் சிரித்தாள். சாப்பிடுவதற்கு முன் அவள் சொன்ன ஜெபம் ஒரே வாக்கியம்தான். நான் கூடுகைகளில் ஜெபிக்கிற நீளத்துக்குப் பழகிவிட்டதால், அவள் ஆமென் சொன்ன பிறகும் கண்ணை மூடிக்கொண்டே இருந்தேன்.

மறுநாள் வியாழக்கிழமை. விடியற்காலையில் பள்ளிவாசல்களிலிருந்து ஒன்றன்பின் ஒன்றாகப் பாங்கு கேட்டது. எழுந்து பார்த்தால், முன்னறையில் ஜெயராணி முழங்காலில் இருந்தாள். பாங்குச் சத்தம்தான் தனக்கு அலாரம் என்று பிறகு சொன்னாள். அவர்கள் எழும்புகிற நேரத்தில் நான் மட்டும் படுத்திருக்கலாமா என்று கேட்டாள். அந்த ஜெபம் நீளமானது. முணுமுணுப்பாகப் பெயர்கள் கேட்டன. பாதிக்கு மேல் முஸ்லிம் பெயர்கள். எல்லாம் அவள் கையில் பிறந்த பிள்ளைகளின் பெயர்கள், அவர்களுடைய தாய்மாரின் பெயர்கள். கல்முனையில் ஒரு தனியார் மருத்துவமனையில் பிரசவ அறையிலேயே அவள் வேலைக்காலம் முழுவதும் கழிந்தது. இப்போது ஓய்வுபெற்றுவிட்டாள். பெயர்களை மட்டும் விடவில்லை.

காலையில் கடைத்தெருவுக்குப் போனோம். அந்தத் தெருவில் ஜெயராணியோடு நடப்பது லேசான காரியமில்லை. பத்தடிக்கு ஒருவர் நிறுத்துவார்கள். தலைக்கு மேல் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டே பெண்கள், "மிஸ்ஸி, எப்படி சுகம்?" என்று கையைப் பிடிப்பார்கள். துணிக்கடையில் நல்ல தாட்டியான ஓர் ஆள் எங்களைக் கண்டதும் எழுந்து நின்றார். "இவரையும் நான்தான் எடுத்தன்" என்று ஜெயராணி என் காதில் சொன்னாள். பிறந்த குழந்தையின் காதில் தகப்பன் பாங்கு சொல்ல வேண்டுமாம். தொப்புள்கொடி வெட்டிய கையோடு தகப்பனை உள்ளே கூப்பிட்டுவிடுவது இவள் வழக்கம். கூப்பிட்டுவிட்டு, அந்தப் பிள்ளைக்காக இவளும் மனதுக்குள் ஒரு ஜெபம் செய்துவிடுவாள். யாருக்கும் தெரியாது.

மண்சட்டியில் எருமைத் தயிர் வாங்கினோம். சட்டியைக் கவிழ்த்தாலும் விழாத தயிர். கூடவே ஒரு போத்தல் கித்துள் பாணி. எங்கள் ஊரில் தயிரோடு இனிப்புச் சேர்த்தால் ஒரு மாதிரிப் பார்ப்பார்கள். அன்று மத்தியானம் நான் சோறே சாப்பிடவில்லை, தயிரைத்தான் சாப்பிட்டேன்.

தயிர்க் கடையில் நிற்கும்போது பழைய மருத்துவமனை ஊழியர் ஒருவர் வந்து ஜெயராணியிடம் தாழ்ந்த குரலில் ஏதோ சொன்னார். சலீம் சேரை, எங்கள் பேச்சில் சலீம் சாரை, வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார்கள், இனி ஆஸ்பத்திரியில் வைத்து ஒன்றும் செய்வதற்கில்லையாம், நெஞ்சு மிகவும் பலவீனமாகிவிட்டதாம். ஜெயராணி தலையாட்டினாள். தயிர்ச் சட்டியை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றிக்கொண்டாள்.

சாயந்தரம் கிணற்றடியில் மீன் கழுவும்போது நானாகக் கேட்டேன். அவள் மறைக்கவில்லை.

சலீம் அந்த மருத்துவமனையில் மருந்துப் பகுதியைப் பார்த்துக்கொண்டவர். கல்முனைக்குடி ஆள். இவள் ஊர் திரும்பிய பிறகு நிலைமை மறுபடி கெட்ட காலம் அது. தமிழ் ஆட்களும் முஸ்லிம் ஆட்களும் ஒருவர் தெருவுக்குள் ஒருவர் போகப் பயந்த நாட்கள். வேலை முடிந்து இவள் வீடு போய்ச் சேரும்வரை சலீம் தெரு முனையில் நின்று பார்த்துக்கொண்டிருப்பாராம். அப்படியே பழகிவிட்டது. இரண்டு பேருக்கும் மனசு இருந்தது. அவர் கேட்டார். கட்டுவதென்றால் இவள் கலிமா என்கிற விசுவாச வாக்கியத்தைச் சொல்லி மார்க்கத்துக்கு வரவேண்டும், வேறு வழியில்லை. அவருடைய மாமா ஒருவர், நல்ல மனுசர், இவளைக் கூப்பிட்டு இதமாகப் பேசியிருக்கிறார். கலிமாவை வாயால் சொன்னால் போதும், மகள், மனசுக்குள் நீ என்ன வைத்திருக்கிறாய் என்று யார் வந்து பார்க்கப்போகிறார்கள் என்று சொல்லியிருக்கிறார்.

"என்னால ஏலாமப் போச்சு கா" என்றாள் ஜெயராணி. "அவங்க எவ்வளவு உண்மையாச் சொல்ற வார்த்தை அது. அத நான் பொய்யாச் சொல்லவா? என்ர ஆண்டவருக்கும் பொய், அவங்கட அல்லாஹ்வுக்கும் பொய்."

சலீமிடமும் இதையே சொன்னாளாம். அவர் கோபிக்கவில்லை. நீ அப்படிப் பொய்யாகச் சொல்லிவிட்டு வந்தால் நானே உன்னை நம்ப மாட்டேன் என்று சொன்னாராம். பிறகு அவர் சொந்தத்தில் ஹாஜரா என்ற பெண்ணைக் கட்டிக்கொண்டார். கலியாணத்துக்கு முன்பே எல்லாவற்றையும் அவளிடம் சொல்லியும்விட்டார். ஹாஜராவின் முதல் பிரசவத்தில் பிரசவ அறையில் நின்றது ஜெயராணிதான். அதிலிருந்து பெருநாளைக்கு அந்த வீட்டிலிருந்து இங்கே வட்டிலப்பம் வரும், நத்தார் என்று அவர்கள் சொல்லும் கிறிஸ்துமஸுக்கு இங்கிருந்து கேக் போகும்.

அவ்வளவுதான் அன்று அவள் சொன்னது. நான் கேட்டுக்கொண்டு மீன் செதிலைச் சுரண்டினேன். இரண்டு நாள் முன்னால்தான் மட்டக்களப்பில், அன்றாட வாழ்வில் தேவனுக்கு உண்மையாக இருப்பது எப்படி என்று ஒரு மணி நேரம் பேசிவிட்டு வந்திருந்தேன். நல்ல கைதட்டல். என் உண்மைக்கு ஞாயிற்றுக்கிழமை காலைத் தூக்கத்தைவிடப் பெரிதாக எதையும் நான் கொடுத்ததில்லை என்பது அந்தக் கிணற்றடியில்தான் உறைத்தது.

வெள்ளிக்கிழமை காலை ஜெயராணி நல்ல சேலை ஒன்று கட்டிக்கொண்டு வந்து, சலீம் சேர் வீட்டுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வருவோமா என்று கேட்டாள்.

எனக்கோ திருக்கோவில் கடற்கரையைப் பார்க்க வேண்டும் என்று ஆசை. அதற்குப் பக்கத்தில் தம்பிலுவிலில் ஜெயராணியின் சித்தி மகள் இருந்தாள். அவள் இரண்டு தடவை போன் செய்து மத்தியானச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டிருந்தாள். வெள்ளிக்கிழமை கல்முனையில் ஜும்மாவுக்குக் கடைகளை அடைத்துவிடுவார்கள், இன்று ஊரில் இருந்து என்ன செய்யப்போகிறோம், ஆண்கள் எல்லாம் தொழுகைக்குப் போகிற நாளில் நோயாளி வீட்டுக்குப் போவானேன், நாளைக்கு நிதானமாகப் போகலாமே என்றேன். எல்லாம் நியாயமான பேச்சு. அவள் வாசல் கேட்டைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். விருந்தாளியின் ஆசையைத் தட்ட மனமில்லை என்பது முகத்தில் தெரிந்தது. தெரிந்தும் நான் விடவில்லை.

"சரி" என்றாள். "நாளைக்குப் போவம்."

தெற்கே போகும் பஸ்ஸில் நல்ல கூட்டம். எங்களுக்கு முன்னால் இறக்காமத்து விவசாயி ஒருவர் நின்றுகொண்டே, வயலுக்குள் யானை வந்த கதையை பஸ் முழுவதற்கும் கேட்கச் சொல்லிக்கொண்டு வந்தார். நெல் வேளாண்மை வெட்ட இருந்த நேரத்தில் ஒரு தனியன் வந்து வரம்போரமாகத் தின்றுகொண்டே போனதாம். இவர் வெடி கொளுத்திப் போட்டிருக்கிறார். அது திரும்பிப் பார்த்துவிட்டு மறுபடி தின்னத் தொடங்கியதாம். "எனக்குத்தான் வெக்கமாப் போயிட்டு" என்றார். பஸ்ஸே சிரித்தது. ஜெயராணியும் சிரித்தாள். எனக்கு நிம்மதியாக இருந்தது.

திருக்கோவில் கடற்கரையில் ஆளே இல்லை. எங்கள் பக்கத்துக் கடல் கல்லில் மோதிச் சத்தம் போடும் கடல். இங்கே நீண்ட மணல், கோயில், கரையில் இழுத்துவிட்ட தோணிகள், காற்று. என் கைபேசியில் அந்த நாட்டு இணைப்பு இல்லாததால் ஜெயராணியின் கைபேசியை வாங்கி மகளை அழைத்து, பேரனுக்குக் கடலைக் காட்டினேன். அவன் இன்னும் காட்டு, இன்னும் காட்டு என்றான். பிறகு படம் எடுத்தேன். அலையை எடுத்தேன், தோணியை எடுத்தேன், குடை பறந்துபோக அதன் பின்னால் ஓடிய ஜெயராணியை எடுத்தேன். அதோடு கைபேசி அணைந்துபோயிற்று. சரி, வீட்டில் போய்ச் சார்ஜ் போட்டுக்கொள்ளலாம் என்று பைக்குள் வைத்தேன்.

தம்பிலுவிலில் சித்தி மகள் சுறா வறையும் முருங்கையிலைச் சொதியும் கீரி மீன் பொரியலும் செய்து வைத்திருந்தாள். சைவ சமயக் குடும்பம். சாமி படத்துக்கு முன்னால் விளக்கு எரிந்தது. சாப்பிட உட்கார்ந்ததும் அந்த வீட்டுக்காரர், "அக்கா ஜெபம் பண்ணட்டும், பொறுங்க" என்று எல்லாரையும் நிறுத்தினார். ஜெயராணி தன்னுடைய ஒரு வாக்கிய ஜெபத்தைச் சொன்னாள். அன்றைக்கு அதில் இன்னொரு வாக்கியம் சேர்ந்திருந்தது, நோயில் கிடப்பவர்களுக்காக. அந்த வீட்டில் மின்சாரம் இருந்தது. கைபேசியைச் செருகுவதற்கு என் நாற்காலிக்குப் பக்கத்திலேயே இடமும் இருந்தது. எனக்கு அது தோன்றவில்லை. அவளும் கேட்கவில்லை.

திரும்பும் பஸ் அக்கரைப்பற்றைத் தாண்டும்வரை ஒழுங்காகத்தான் ஓடியது. நிந்தவூருக்குள் வந்ததும் எஞ்சினில் ஒரு கீச்சுச் சத்தம். ஓரங்கட்டி நிறுத்திவிட்டு சாரதி இறங்கி மூடியைத் திறந்தார். எஞ்சின் பட்டி அறுந்துவிட்டது, வேறு பட்டி வாங்க ஆள் போயிருக்கிறது என்றார்கள். எல்லாரும் இறங்கி நிழல் பார்த்து நின்றோம். கைக்குழந்தையோடு வந்த ஒரு பெண் பணிஸ் என்கிற பன் ரொட்டிப் பார்சலைப் பிரித்துப் பக்கத்தில் நின்றவர்களுக்கெல்லாம் நீட்டினாள். எனக்கும் ஒன்று கிடைத்தது. எங்கள் ஊரில் பஸ் நின்றால் நடத்துனரோடு சண்டை தொடங்கிவிடும், இங்கே சாப்பாடு தொடங்குகிறது என்று ஜெயராணியிடம் சொன்னேன். பக்கத்துப் பள்ளிவாசலின் ஒலிபெருக்கி உயிர்பெற்றுக் கரகரத்தது. அவள் அதைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

தொழுகை நேரம் இல்லையே என்று நான் நினைத்தேன். ஒரு வயதானவரின் குரல் முதலில் அரபியில் சொன்னது. நிழலில் நின்ற ஆண்கள் பேச்சை நிறுத்தினார்கள். பிறகு தமிழில், நிதானமாக. ஜனாஸா அறிவித்தல், அதாவது மரண அறிவிப்பு. கல்முனைக்குடியைச் சேர்ந்த, ஓய்வுபெற்ற மருந்தாளர், இந்த ஊர் ஹாஜராவின் கணவர் சலீம் அவர்கள் இன்று ஜும்மாவுக்கு முன் வபாத்தானார்கள். அன்னாரின் ஜனாஸா இன்று மாலையே நல்லடக்கம் செய்யப்படும். குரல் அதை இன்னொரு தடவை சொல்லிவிட்டு நின்றது.

நான் ஜெயராணியின் கையைப் பிடித்தேன். அவள் அழவில்லை. பணிஸ் கொடுத்த பெண்ணிடம் திரும்பி, இங்கே ஓட்டோ எங்கே பிடிக்கலாம் என்று சாதாரணமாகக் கேட்டாள்.

ஓட்டோ காரைதீவைக் கடந்து, சாய்ந்தமருதைக் கடந்து போனது. நான் என்னென்னவோ சொன்னேன். நேரம் இருக்கிறது, போய்ச் சேர்ந்துவிடலாம் என்றேன். அவள் வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். கல்முனைக்குடிக்குள் நுழைந்ததும் ஓட்டோக்காரர் வேகத்தைக் குறைத்தார். பிறகு எஞ்சினையே நிறுத்திவிட்டு இறங்கித் தொப்பியைப் போட்டுக்கொண்டார். எதிரே தெரு நிறைய வெள்ளைத் தொப்பிகள். வேகமாக நடந்து வந்தார்கள். நடுவில், ஆட்களின் தோளுக்கு மேலே, பச்சைத் துணி போர்த்திய சந்தூக்குப் பெட்டி. தோள் மாறி, கை மாறி அது வந்தது. எங்கள் ஓட்டோக்காரரும் போய்ச் சில அடி தூரம் தோள் கொடுத்துவிட்டு வந்தார். எனக்கு அந்த மரியாதை பிடித்திருந்தது.

அடக்கம் செய்யும் மையவாடிக்குப் பெண்கள் போவதில்லை. நாங்கள் ஓட்டோவுக்குள் உட்கார்ந்திருந்தோம். சந்தூக்கு எங்களைக் கடந்தபோது ஜெயராணி தலையைக் குனிந்தாள். கூட்டம் முழுவதும் கடந்து, தெரு வெறுமையான பிறகும் நிமிரவில்லை. எங்கே விட வேண்டும் என்று ஓட்டோக்காரர் கேட்டார். "வீட்டுக்கு" என்றாள்.

வீட்டில் கைபேசியைச் செருகினேன். அது உயிர்பெற்றதும் தவறிய அழைப்புகளைச் சொல்லும் குறுஞ்செய்திகள் வரிசையாக வந்தன. எல்லாம் ஹாஜராவின் எண்ணிலிருந்து. எல்லாம் காலையில், நான் பேரனுக்கு அலையைக் காட்டிய பிறகு. நான் அதை ஜெயராணியிடம் நீட்டினேன். அவள் பார்த்துவிட்டுக் குப்புற வைத்தாள்.

சனிக்கிழமை அந்த வீட்டுக்குப் போனோம். கணவன் இறந்தால் மனைவி சில மாதங்கள் வீட்டுக்குள்ளேயே இத்தா இருப்பாள். பெண்கள் போய்ப் பார்க்கலாம். உள்ளறையில் பாய் விரித்து ஹாஜரா வெள்ளை உடுத்தி உட்கார்ந்திருந்தாள். சுற்றிலும் பெண்கள். எங்களைக் கண்டதும் அவர்கள் நகர்ந்து இடம் கொடுத்தார்கள். யாரோ நாற்காலி கொண்டுவந்தார்கள். ஜெயராணி அதை எனக்குக் கொடுத்துவிட்டுப் பாயில் உட்கார்ந்தாள். ஹாஜரா ஒரு பார்வை பார்த்தாள். பெண்கள் ஒவ்வொருவராக எழுந்து வெளியே போனார்கள். நானும் எழுந்தேன். "நீங்க இரிங்க" என்று ஹாஜரா சொன்னாள்.

வெள்ளிக்கிழமை காலையில் சலீம் நல்ல நினைவோடு இருந்தாராம். வந்தவர்கள் எல்லாரிடமும் மாப்புக் கேட்டாராம். சாகப்போகிறவர்கள் அப்படி மன்னிப்புக் கேட்டுக் கணக்குத் தீர்த்துக்கொண்டு போவது அவர்கள் வழக்கம். பிறகு மிஸ்ஸியைக் கூப்பிடு என்றாராம். ஹாஜரா திரும்பத் திரும்பப் போன் எடுத்திருக்கிறாள். வீட்டுக்கு ஆள் அனுப்பியிருக்கிறாள். வீடு பூட்டியிருந்தது.

"உங்கள்ட்ட மாப்புக் கேக்கணும் எண்டுதான் பாத்துக்கிட்டு இருந்தாரு, மிஸ்ஸி" என்றாள் ஹாஜரா. "அவருக்காக நான் கேக்கிறன். மாப்புக் குடுங்க."

"அவர் எனக்கு ஒண்டும் செய்யல்லையே" என்றாள் ஜெயராணி.

"செய்தவர். அவருக்குத் தெரியும். எனக்கும் தெரியும்."

ஜெயராணி பாயின் ஓரத்தைத் தடவிக்கொண்டிருந்தாள். இதற்கு என்ன யோசனை, மன்னித்தேன் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதாதா என்று எனக்குத் தவிப்பாக இருந்தது. மேடையில் நிற்கும் நானாக இருந்தால் அந்தக் கணமே சொல்லியிருப்பேன். அவளோ குடிக்கத் தண்ணீர் கேட்டாள். ஹாஜரா தானே எழுந்து போய்க் கொண்டுவந்து கொடுத்தாள். ஜெயராணி முழுவதையும் குடித்து, குவளையைப் பாயில் வைத்து, அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இவ்வளவு காலமும் மன்னிச்சிட்டன் எண்டுதான் நினைச்சிட்டு இருந்தன், ஹாஜரா" என்றாள் கடைசியில். "இல்ல. இப்பதான் மன்னிக்கிறன்."

ஹாஜரா அவள் கையை எடுத்துத் தன் முகத்தில் வைத்துக்கொண்டாள். இரண்டு பேரும் அழுதார்கள். நான் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

திரும்பி வந்த பிறகு, அன்று கிணற்றடியில் விட்டதை ஜெயராணி சொன்னாள். கலிமா சொல்ல முடியாது என்று அவள் மறுத்த பிறகும் சலீம் விடவில்லை. கொஞ்சம் பொறு, வாப்பாவிடம் பேசி ஏதாவது வழி பார்க்கிறேன் என்றாராம். இவள் பொறுத்தாள். ஒரு நோன்பு போய் மறு நோன்பும் வந்து போனது. அவர் பேசினாரா, வழி இருந்ததா, எதுவும் தெரியவில்லை. ஒரு நாள் வேலையில் இருக்கும்போது யாரோ கலியாண வீட்டுச் சாப்பாடு என்று ஒரு பார்சலைக் கொண்டுவந்து கொடுத்தார்கள். நல்ல பசி. பாதி சாப்பிட்ட பிறகுதான் யாருடைய கலியாணம் என்று கேட்டாளாம்.

"கட்ட ஏலாது எண்டு எனக்குத் தெரியும் கா. அது நான் எடுத்த முடிவு. அவர் வந்து ஒரு சொல் சொல்லியிருக்கலாம். அந்தச் சோறுதான் எனக்குச் செமிக்கல்ல."

ஒவ்வொரு விடியற்காலையும் அந்த வீட்டுக்காக ஜெபித்துக்கொண்டும் வந்திருக்கிறாள், இந்தச் சோற்றையும் உள்ளே வைத்துக்கொண்டிருந்திருக்கிறாள். இரண்டும் ஒரே மனுசிக்குள்தான் இருந்தன. வேறு முடிவு எடுத்திருக்கலாம் என்று எப்போதாவது தோன்றியதா என்று கேட்டேன். தனியாக இருந்ததற்கு வருத்தம் உண்டு, காய்ச்சலில் கிடந்த நாட்களில் நிறைய வருத்தம் உண்டு, ஆண்டவரைப் பிடித்துக்கொண்டதற்கு இல்லை என்றாள். இரண்டையும் ஒன்றாக்கித்தான் ஆட்கள் கேட்கிறார்கள் என்றாள். பிறகு அரிசி கழுவப் போய்விட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை. அவள் போகிற சபை மிகவும் சின்னது. கதவைத் திறந்து, மணலைக் கூட்டி, பாட்டுப் புத்தகங்களை வாங்குப் பெஞ்சுகளில் வைப்பது இவள் வேலை. அன்றும் செய்தாள். போதகர் இரண்டு வாரத்துக்கு ஒரு தடவைதான் வருவாராம், அன்று வரவில்லை. வந்த சில குடும்பங்கள் தாங்களாகப் பாடி, வேதம் வாசித்தார்கள். யாருக்காக ஜெபிக்க வேண்டும் என்று ஒருவர் கேட்டார். ஒருவர் மகனின் வேலைக்காகச் சொன்னார், ஒருவர் கால் வலிக்காகச் சொன்னார். ஜெயராணி எழுந்து, "சலீம் சேர்ர வீட்டுக்காக" என்றாள். முன் வாங்கிலிருந்த ஒரு கிழவர் திரும்பிப் பார்த்தார். அவருக்குப் பழைய கதை தெரிந்திருக்க வேண்டும். பார்த்துவிட்டு எழுந்து நின்று அவரே அந்த ஜெபத்தைச் செய்தார். ஹாஜராவின் பெயரை மறக்காமல் சொன்னார்.

மத்தியானம் எனக்குக் கொழும்பு பஸ். நிலையம் வரை ஜெயராணி வந்தாள். வழிக்குச் சாப்பாடு கட்டித் தந்தாள். தண்ணீர்ப் போத்தல் வாங்கித் தந்தாள். எனக்கு ஜன்னலோர இடம் பிடித்துக் கொடுத்துவிட்டுக் கீழே இறங்கி நின்றாள். வெள்ளிக்கிழமை மாலையிலிருந்து சொல்லாமல் வைத்திருந்ததை அப்போதுதான் சொன்னேன்.

"அன்றைக்கு நான் உன்னைத் திருக்கோவிலுக்குக் கூப்பிட்டிருக்கக் கூடாது, ஜெயா."

அதெல்லாம் ஒன்றுமில்லை, ஆண்டவருடைய சித்தம், நீ ஏன் கவலைப்படுகிறாய் என்று அவள் சொல்வாள் என எதிர்பார்த்தேன். நம் ஆட்கள் அப்படித்தானே சொல்வோம். நானே எத்தனை வீடுகளில் சொல்லியிருக்கிறேன். ஜெயராணி வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"ஓம் கா" என்றாள். "நீ கூப்பிட்டிருக்கக் கூடாது. நானும் வந்திருக்கக் கூடாது."

கோபமாகச் சொல்லவில்லை. ஜன்னல் வழியாகக் கையை நீட்டி என் கையைப் பிடித்துக்கொண்டாள். சாரதி ஏறி எஞ்சினைக் கிளப்பினார். பஸ் நகர்ந்தபோது கூடவே சில அடிகள் நடந்து வந்தாள். வேகம் பிடித்ததும் அவள் கை விட்டுப்போயிற்று.